வட்டிக்கு வரும் பணமும் பங்குக்கு வரும் பணமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் தொழிலுக்குப் பணம் திரட்டும் வழிகள் உழவர்களுக்குப் புதியன அல்ல. மரவள்ளி நடவுக்கு நகைக் கடன், கோழிக் கொட்டகைக்கு வங்கிக் கடன், கறவை மாட்டுக்குக் கூட்டுறவுச் சங்கக் கடன், லாரிக்கு ஃபைனான்ஸ், அவசரத்துக்கு ஏலச்சீட்டு எனப் பல வழிகளில் பணம் புரள்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. வாங்கிய பணத்தைக் குறித்த காலத்தில், பேசிய வட்டியோடு திருப்ப வேண்டும். முட்டை விலை சரிந்தாலும், கிழங்குக்கு மாவுச்சத்துப் புள்ளி குறைந்தாலும் தவணை நிற்காது.

இப்போது வேறொரு வகைப் பணம் கிராமத்து வாசல் வரை வந்திருக்கிறது. உங்களிடம் பால் வாங்கும் நிறுவனத்தில் வெளிநாட்டு நிதியம் பங்கு வாங்கியதாகச் செய்தி வருகிறது. காய்கறி எடுக்கும் நிறுவனம் பல கோடி ரூபாய் முதலீடு பெற்றதாகச் சொல்லப்படுகிறது. வேளாண்மை படித்த மகனோ மகளோ சிறு நிறுவனம் தொடங்கி, "வங்கிக் கடன் வேண்டாம், முதலீட்டாளரைத் தேடுகிறேன்" என்கிறார். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எதை எதிர்பார்த்து வருகிறது, எப்போது போகிறது என்பதை உழவர்கள் தெரிந்துகொள்வது அவசியம். அதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குத்தகையும் வாரமும்

நிலத்தைக் குத்தகைக்கு விடுபவர் மழை பெய்தாலும் பொய்த்தாலும் பேசிய தொகையைப் பெறுகிறார். விளைச்சல் இரட்டிப்பானாலும் அவருக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. வாரத்துக்கு விடுபவர் நிலை வேறு. விளைந்தால் பங்கு, விளையாவிட்டால் ஒன்றுமில்லை. ஆகவே வாரத்துக்கு விட்டவர் அடிக்கடி வயலுக்கு வருவார். என்ன ரகம் நட்டீர்கள், உரம் இட்டீர்களா என்று கேட்பார்.

கடன் என்பது குத்தகை போன்றது. பங்கு முதலீடு என்பது வாரம் போன்றது. பங்கு முதலீட்டாளர் வட்டி கேட்பதில்லை. மாதத் தவணை கேட்பதில்லை. பொதுவாக நிலத்தை அடமானம் கேட்பதும் இல்லை. அதற்குப் பதிலாக நிறுவனத்தில் பங்கு கேட்கிறார். நிறுவனம் நொடித்தால் அவர் போட்ட பணமும் போகும்.

ஆனால் ஒரு முக்கிய வேறுபாட்டை மறக்கக் கூடாது. வாரக்காரருக்கு அந்தப் போகத்தின் விளைச்சலில்தான் பங்கு. முதலீட்டாளருக்கோ நிறுவனத்தின் உடைமையிலேயே பங்கு. வாரத்தை அடுத்த ஆண்டு நிறுத்திக்கொள்ளலாம். விற்ற பங்கை அப்படித் திரும்ப வாங்கிவிட முடியாது.

இம்முறை வந்த வழி

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1946ஆம் ஆண்டு 'அமெரிக்க ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம்' என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. அடமானம் கொடுக்கச் சொத்து இல்லாத, ஆனால் நல்ல தொழில்நுட்பம் வைத்திருந்த புதிய நிறுவனங்களில் பங்கு வாங்குவது அதன் வேலை. அது 1957இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற சிறு கணினி நிறுவனத்தில் 70,000 டாலர் முதலீடு செய்தது. 1966இல் அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது அந்தத் தொகை பல நூறு மடங்கு பெருகியிருந்தது. அதே கழகம் பணம் போட்ட வேறு பல நிறுவனங்கள் அவ்வாறு பெருகவில்லை. ஒன்றின் பெரு வெற்றி மற்றவற்றின் நட்டத்தை ஈடு செய்தது. இத்தொழிலின் அடிப்படைக் கணக்கு இன்றளவும் இதுதான்.

இந்தியாவில் 1980களின் பிற்பகுதியில் அரசு நிதி நிறுவனங்கள் இம்முறையைத் தொடங்கின. இந்தியப் பங்குச் சந்தை வாரியமான செபி 1996இல் இதற்கென விதிமுறைகள் வகுத்தது. 2012இல் 'மாற்று முதலீட்டு நிதிய' விதிமுறைகள் அவற்றுக்குப் பதிலாக வந்தன.

நாற்றுக்குப் பணம், தோப்புக்குப் பணம்

பங்குக்கு வரும் பணத்தை இரண்டு பெரும் பிரிவாகக் கொள்ளலாம்.

முதலாவது துணிகர மூலதனம். இது நாற்றுப் பருவத்தில் உள்ள நிறுவனங்களுக்கு வருவது. விற்பனை இப்போதுதான் தொடங்கியிருக்கும், லாபம் இருக்காது. முதலீட்டாளர் சிறுபான்மைப் பங்கு வாங்குவார். பத்து நிறுவனங்களில் பாதி பட்டுப்போகும் என்று எண்ணியே பணம் போடுவார்.

இரண்டாவது தனியார் பங்கு முதலீடு. இது காய்ப்புக்கு வந்த தோப்பை வாங்குவது போன்றது. நிறுவனத்துக்கு நல்ல விற்பனையும் லாபமும் இருக்கும். புதிய ஆலை கட்டவோ, வேறு மாநிலத்துக்குப் பரவவோ, பாகம் பிரிந்து போகும் பங்காளியின் பங்கை வாங்கவோ பெருந்தொகை தேவைப்படும். இங்கு முதலீட்டாளர் சில நேரம் பெரும்பான்மைப் பங்கையே வாங்கிவிடுவார்.

இரண்டிலும் போடும் பணம் நிதிய மேலாளரின் சொந்தப் பணம் அன்று. காப்பீட்டு நிறுவனங்கள், ஓய்வூதிய நிதிகள், செல்வந்தர் குடும்பங்கள் ஆகியோரிடம் திரட்டிய பணம். மேலாளர் ஆண்டுக்குச் சுமார் 2 சதம் கட்டணமும், லாபத்தில் சுமார் 20 சதமும் எடுத்துக்கொள்வது வழக்கம். நிதியத்தின் ஆயுள் பெரும்பாலும் எட்டு முதல் பத்து ஆண்டுகள். அதற்குள் வாங்கிய பங்குகளை விற்றுப் பணத்தைத் திருப்ப வேண்டும். தென்னை வைத்தவர் காய்ப்புக்கும் காத்திருக்கலாம், பேரன் காலம் வரையும் வைத்திருக்கலாம். நிதியத்தால் அப்படிக் காத்திருக்க இயலாது.

முதலீட்டாளரின் கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு நிதியம் பத்து நிறுவனங்களில் தலா ரூ. 1 கோடி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

- ஐந்து நிறுவனங்கள் மூடப்படுகின்றன. வரவு இல்லை.
- மூன்று நிறுவனங்களில் போட்ட பணம் மட்டும் திரும்புகிறது. வரவு ரூ. 3 கோடி.
- ஒரு நிறுவனத்தில் மூன்று மடங்கு. வரவு ரூ. 3 கோடி.
- ஒரு நிறுவனத்தில் இருபது மடங்கு. வரவு ரூ. 20 கோடி.

ரூ. 10 கோடி ரூ. 26 கோடி ஆகிறது. எட்டு ஆண்டுகளில் இது நடந்தால் ஆண்டுக்குச் சுமார் 12.7 சதக் கூட்டு வளர்ச்சி. அந்த இருபது மடங்கு நிறுவனம் மட்டும் இல்லாவிட்டால் மீதி ஒன்பதில் போட்ட ரூ. 9 கோடிக்கு ரூ. 6 கோடிதான் திரும்பியிருக்கும்.

இதிலிருந்து நீங்கள் அறிய வேண்டியது ஒன்று. ஆண்டுதோறும் பத்து சதம் நிதானமாக வளரும் நல்ல தொழில் துணிகர முதலீட்டாளருக்குப் பயன்படாது. பல மடங்கு பெருகக்கூடிய தொழிலையே அவர் தேடுகிறார். நம் பகுதியின் சேகோ ஆலைகளும் முட்டைக் கோழிப் பண்ணைகளும் சொந்தச் சேமிப்பு, உறவினர் கூட்டு, வங்கிக் கடன் ஆகியவற்றால் வளர்ந்ததற்கு இது ஒரு காரணம். ஜவ்வரிசி விலையும் முட்டை விலையும் ஒரு தனி ஆலையோ பண்ணையோ நிர்ணயிப்பவை அல்ல. அதனால்தான் இத்துறைகளில் முதலீட்டாளரைவிடக் கூட்டமைப்புகளே முந்தி வந்தன. சேலத்தில் 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனமும், 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவும் அமைந்தது விலையைக் காக்கத்தான்.

கடனா, பங்கா? ஓர் எடுத்துக்காட்டு

மரவள்ளி மாவைத் துணி, காகித ஆலைகளுக்கு ஏற்றபடி பக்குவம் செய்து விற்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விரிவாக்கத்துக்கு ரூ. 1 கோடி தேவை.

கடன் வழி: 12 சத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் ரூ. 2.22 லட்சம். அறுபது மாதத்தில் திருப்பும் தொகை சுமார் ரூ. 1.33 கோடி. வட்டிச் செலவு ரூ. 33 லட்சம். கடன் முடிந்ததும் நிறுவனம் முழுவதும் உங்களுடையது. ஆனால் முதல் மாதத்திலிருந்தே தவணை கட்ட வேண்டும், அடமானமும் கொடுத்திருப்பீர்கள்.

பங்கு வழி: இருவரும் பேசி, பணம் வருமுன் நிறுவனத்தின் மதிப்பு ரூ. 3 கோடி என்று முடிவு செய்கிறீர்கள். முதலீட்டாளர் ரூ. 1 கோடி போட்டபின் மதிப்பு ரூ. 4 கோடி. ஆகவே அவருக்கு நாலில் ஒரு பங்கு, அதாவது 25 சதம். இந்தப் பணம் புதிய பங்குகளுக்காக நிறுவனத்தின் கணக்கில் வருகிறது. உரிமையாளரின் சட்டைப் பைக்கு வருவதில்லை.

ஐந்து ஆண்டு கழித்து நிறுவனம் ரூ. 16 கோடிக்கு விற்கப்பட்டால் முதலீட்டாளருக்கு ரூ. 4 கோடி; உங்களுக்கு ரூ. 12 கோடி. அவருக்குக் கிடைத்த லாபம் ரூ. 3 கோடி. கடன் வாங்கியிருந்தால் ரூ. 33 லட்சத்தோடு முடிந்திருக்கும். வெற்றி பெறும் தொழிலில் பங்குப் பணமே விலை உயர்ந்த பணம் என்பது இதனால் விளங்கும்.

தோல்வி அடைந்தாலோ நிலை மாறும். கடன் வாங்கியவர் நிலத்தை இழக்க நேரிடலாம். பங்கு விற்றவருக்கு அந்தச் சுமை இல்லை. ஆகவே, வருமானம் எப்போது தொடங்கும் என்று சொல்ல முடியாத தொழிலுக்குப் பங்குப் பணம் பொருத்தம். வருமானம் உறுதியாகத் தெரிந்த தொழிலுக்குக் கடனே சிக்கனம்.

பங்கு சுருங்குதல்

மேற்சொன்ன நிறுவனம் இரண்டாம் முறை பணம் திரட்டுகிறது. இரண்டாவது முதலீட்டாளர் ரூ. 2 கோடி போட, மொத்த மதிப்பு ரூ. 10 கோடி ஆகிறது. அவருக்கு 20 சதம். உங்கள் 75 சதம் 60 சதமாகவும், முதலாமவரின் 25 சதம் 20 சதமாகவும் சுருங்கும். ஆனால் உங்கள் பங்கின் மதிப்பு ரூ. 3 கோடியிலிருந்து ரூ. 6 கோடி ஆகிறது. மதிப்பு உயரும்போது பங்கு சுருங்குவது நட்டம் அன்று. மதிப்பு உயராமல் சுருங்கினால்தான் நட்டம். மூன்று நான்கு முறை திரட்டியபின் நிறுவனரின் பங்கு பாதிக்கும் கீழே போய்விடுவது உண்டு. அப்போது சொல் அவருடையதாக இருக்காது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய ஐந்து நிபந்தனைகள்

மதிப்பு எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவோர் பலர். அதைவிட முக்கியமானவை கீழ்க்கண்ட நிபந்தனைகள்.

1. முதலில் எடுக்கும் உரிமை. நிறுவனம் விற்கப்பட்டால் முதலீட்டாளர் தம் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். மேற்படி நிறுவனம், முதலாம் முதலீட்டாளர் மட்டும் இருக்கும் நிலையில், ரூ. 2 கோடிக்கே விலைபோகிறது என்போம். 25 சதம் என்றால் அவருக்கு ரூ. 50 லட்சம்தான் வர வேண்டும். இந்த நிபந்தனையால் ரூ. 1 கோடி எடுப்பார், உங்களுக்கு ரூ. 1 கோடி. "எடுத்த பின்னும் மீதியில் பங்கு உண்டு" என்று எழுதியிருந்தால் மீதியிலும் 25 சதம் சேர்த்து ரூ. 1.25 கோடி எடுப்பார், உங்களுக்கு ரூ. 75 லட்சம். ஒரு வரியின் விலை ரூ. 25 லட்சம்.

2. இயக்குநர் இடமும் ஒப்புதல் உரிமையும். எந்தெந்தச் செயலுக்கு முதலீட்டாளரின் ஒப்புதல் வேண்டும் என்ற பட்டியலைப் படியுங்கள். புதிய கடன், நிலம் விற்றல், தொழிலை மாற்றுதல் ஆகியவற்றுக்கு ஒப்புதல் கேட்பது நியாயம். தினசரிக் கொள்முதல் விலைக்குக் கூட ஒப்புதல் வேண்டும் என்றால் தொழில் நடவாது.

3. சேர்ந்து விற்கும் கட்டாயம். முதலீட்டாளர் தம் பங்கை விற்கும்போது உங்கள் பங்கையும் அதே விலைக்கு விற்கக் கட்டாயப்படுத்தும் நிபந்தனை இது. எத்தனை ஆண்டுக்குப் பின், எந்த விலைக்கு மேல் என்ற வரம்பு இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

4. பங்காக மாறும் முறை. பெரும்பாலும் பணம் முன்னுரிமைப் பங்காக வந்து பின்னர் சாதாரணப் பங்காக மாறும். எந்தக் கணக்கில் மாறும் என்பதை எண்ணாலேயே எழுதிக் கேளுங்கள்.

5. நிறுவனர் வெளியேறுதல். நீங்களே விலகினாலோ விலக்கப்பட்டாலோ உங்கள் பங்கு என்ன விலைக்குப் போகும் என்பது.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும். முதலீட்டாளரின் வழக்கறிஞர் விளக்குவது போதாது. உங்கள் தணிக்கையாளரும் வழக்கறிஞரும் தனியே படித்துச் சொல்ல வேண்டும்.

பால் தொழிலில் நடந்தவை

நமக்கு நெருக்கமான பால் தொழிலில் மூன்று வழிகளையும் காணலாம்.

ஹட்சன் நிறுவனத்தின் நிறுவனர் ஆர். ஜி. சந்திரமோகன் 1970இல் சென்னையில் ரூ. 13,000 முதலில் ஐஸ்கிரீம் தொழில் தொடங்கினார். 1990களில் சேலம் வட்டாரத்தில் பால் கொள்முதல் செய்து ஆரோக்யா பாலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இந்நிறுவனத்தின் பங்குகள் பங்குச் சந்தையில் விற்பனையாகின்றன. சொந்த முதலில் தொடங்கிப் பொதுமக்களிடம் பங்கு விற்று வளரும் வழி இது.

ஆந்திரப் பகுதியில் தோன்றிய திருமலா பால் நிறுவனத்தில் அமெரிக்காவின் கார்லைல் நிதியம் 2010 வாக்கில் சிறுபான்மைப் பங்கு வாங்கியது. 2014 ஜனவரியில் பிரான்ஸ் நாட்டின் லாக்டாலிஸ் நிறுவனம் திருமலாவை முழுவதுமாக வாங்கியது. நிதியம் வெளியேறியது, நிறுவனம் கைமாறியது.

மூன்றாவது, தோட்லா டெய்ரி. டிபிஜி என்னும் நிதியம் 2017இல் இதில் முதலீடு செய்தது. 2019இல் தமிழ்நாட்டில் திண்டுக்கல் வட்டாரத்தில் இயங்கிய கே.சி. டெய்ரியைத் தோட்லா வாங்கியது. 2021 ஜூனில் பொதுப் பங்கு வெளியீட்டின் மூலம் சுமார் ரூ. 520 கோடி திரட்டப்பட்டது. அதில் புதிய பங்குகளுக்காக நிறுவனத்துக்கு வந்தது ரூ. 50 கோடி. மீதி, டிபிஜி உள்ளிட்ட பழைய பங்குதாரர்கள் தம் பங்குகளை விற்றுப் பெற்றது. "இத்தனை கோடி திரட்டியது" என்ற செய்தியைப் படிக்கும்போது நிறுவனத்துக்கு வந்தது எவ்வளவு, வெளியேறுவோர் எடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இது நல்ல பாடம்.

பால் ஊற்றும் உழவர் இவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்? முதலீடு வந்தவுடன் நிறுவனம் கொள்முதலைப் பெருக்க முனையலாம். குளிரூட்டும் நிலையம் வரலாம். லிட்டருக்கு ஓரிரு ரூபாய் கூடுதலாகவும் கிடைக்கலாம். அந்தக் கூடுதல் விலை நிறுவனத்தின் லாபத்திலிருந்து வருகிறதா, முதலீட்டுப் பணத்திலிருந்து வருகிறதா என்பது முக்கியம். முதலீட்டுப் பணத்தில் தரும் விலை அப்பணம் தீரும்வரைதான் நிற்கும்.

காய்கறித் துறையில் இதற்கு அண்மைச் சான்று உண்டு. 2015இல் சென்னையில் தொடங்கி உழவர்களிடம் நேரடிக் கொள்முதல் செய்த வேகூல் நிறுவனம் 2022இல் பெருந்தொகை முதலீடு பெற்றது. அடுத்த ஆண்டே நூற்றுக்கணக்கான ஊழியரைக் குறைத்தது. முதலீட்டுச் சந்தை இறுகும்போது இத்தகைய நிறுவனங்கள் முதலில் விரிவை நிறுத்தும், கொள்முதலைக் குறைக்கும்.

ஆகவே பழைய சங்கத்துக்கு ஊற்றுவதை முழுவதும் நிறுத்திவிட்டு ஒரே நிறுவனத்தை நம்ப வேண்டாம். பத்து நாள் பட்டுவாடா இருபது நாளாக நீண்டால் அதுவே முதல் அறிகுறி. பாக்கி சேரவிடாமல் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு, இதரச் சத்துக் கணக்கில் விலை வாய்பாட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் முதலீட்டாளர் பங்கு வாங்கலாமா?

இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. சட்டப்படி உற்பத்தியாளர் நிறுவனத்தில் உற்பத்தியாளரும் உற்பத்தியாளர் அமைப்புகளும் மட்டுமே உறுப்பினராக முடியும். தனிநபர் உறுப்பினர்களுக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஒரு வாக்குதான். பங்குகளைச் சந்தையில் விற்க முடியாது. ஆகவே துணிகர நிதியம் இதில் நேரடியாகப் பங்கு வாங்க வழியில்லை. நிறுவனம் உழவர் கையைவிட்டுப் போகாமல் இருக்கச் சட்டம் போட்ட வேலி இது.

வேலிக்குள் பணம் வரும் வழிகள் உள்ளன.

- மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுத் திட்டத்தில், உறுப்பினர் போட்ட பங்குத் தொகைக்கு இணையாக உறுப்பினர் ஒருவருக்கு ரூ. 2,000 வரை, நிறுவனத்துக்கு ரூ. 15 லட்சத்துக்கு மிகாமல் பங்கு மானியம் வகுக்கப்பட்டது. ரூ. 2 கோடி வரையிலான திட்டக் கடனுக்கு உத்தரவாத வசதியும் சேர்க்கப்பட்டது.
- நபார்டு வங்கியின் துணை நிறுவனமான நாப்கிசான் கடன் வழங்குகிறது. 2014இல் சென்னையில் தொடங்கிய சமுன்னதி போன்ற நிதி நிறுவனங்களும் வழங்குகின்றன. சமுன்னதியின் முதலில் ஒரு பகுதி ஆக்செல், எலிவர் போன்ற நிதியங்களின் பங்குப் பணம். இங்கே பங்குப் பணம் கடனாக உருமாறி உழவர் நிறுவனத்தை அடைகிறது. வட்டி வங்கியைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.
- 2024 செப்டம்பரில் ரூ. 750 கோடி அளவிலான அக்ரிஷ்யூர் நிதியம் தொடங்கப்பட்டது. நபார்டின் நாப்வெஞ்சர்ஸ் இதை நடத்துகிறது. வேளாண் புத்தொழில் நிறுவனங்களுக்கு இது உரியது.
- தமிழ்நாடு அரசின் புத்தொழில் இயக்கம் டான்சீட் திட்டத்தில் தொடக்க நிதி அளித்து 3 சதப் பங்கு எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. ரூ. 10 லட்சத்துக்கு 3 சதம் என்றால் நிறுவனத்தின் மதிப்பு சுமார் ரூ. 3.33 கோடி என்று பொருள். கிராமத்து இளைஞர் தொடங்கும் சிறு நிறுவனத்துக்கு இது தாராளமான கணக்கே.

எவ்வழியாயினும் வேலிக்குள் முதலில் வர வேண்டியது உறுப்பினரின் சொந்தப் பங்குத் தொகை. ஆயிரம் உழவர் தலா ரூ. 2,000 போட்டால் ரூ. 20 லட்சம். அதற்கு வட்டி இல்லை. வெளியேறும் அவசரமும் இல்லை.

பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள்

2012இல் பெருந்துறை வட்டாரத்தை மையமாகக் கொண்டு நடந்த ஈமு கோழி நிறுவனங்கள் சரிந்ததை நம் பகுதி மறக்கவில்லை. உழவர்கள் முன்பணம் கட்டினர். குஞ்சும் தீவனமும் தந்து, மாதந்தோறும் பராமரிப்புத் தொகையும் ஆண்டுக்கு ஊக்கத்தொகையும் தருவதாகச் சொன்னார்கள். ஈமு இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் போதிய சந்தை இல்லை. புதிதாகச் சேர்ந்தவரின் பணமே பழையவருக்குப் போயிற்று. புதியவர் வருவது நின்றதும் எல்லாம் நின்றது.

"முதலீடு", "பங்கு", "நிதியம்" என்ற சொற்களோடு இதே முறை மீண்டும் வரலாம். கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்து பாருங்கள்.

- உண்மையான பங்கு முதலீட்டில் மாதந்தோறும் நிச்சய வருமானம் என்ற பேச்சே இராது. நிச்சய வருமானம் தருவதாகச் சொல்லி வாங்கும் பணம் வைப்புத் தொகை. அதை வாங்க அனுமதி வேண்டும். அனுமதியற்ற வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்கிறது.
- செபியிடம் பதிவு பெற்ற மாற்று முதலீட்டு நிதியம் ஒருவரிடம் பொதுவாக ரூ. 1 கோடிக்குக் குறைந்து பணம் வாங்குவதில்லை. பொது விளம்பரம் செய்து திரட்டுவதும் இல்லை. ஊர்க் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கேட்பவர் அப்படிப்பட்ட நிதியம் அல்லர்.
- பணம் போடுபவர் உங்களிடம் கட்டணம் கேட்க மாட்டார். "ஐந்து கோடி முதலீடு வருகிறது, பதிவுச் செலவுக்கு இரண்டு லட்சம் கட்டுங்கள்" என்பது ஏமாற்று.
- ஆள் சேர்த்தால் தரகு என்றால் விலகுங்கள்.

ஏமாற்றப்பட்டவர்கள் தயங்காமல் பொருளாதாரக் குற்றப் பிரிவுக் காவல் துறையை அணுக வேண்டும். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டத்தின்கீழ் நிறுவனத்தின் சொத்தை முடக்க வழி உண்டு. புகார் தாமதமானால் சொத்தும் கைமாறிவிடும்.

யாருக்கு எது பொருந்தும்?

கறவை மாடு, சொட்டு நீர், கோழிக் கொட்டகை, டிராக்டர் ஆகியவற்றுக்கு வங்கி, கூட்டுறவுக் கடனே ஏற்றது. வரவு தெரியும், தவணையைக் கணக்கிடலாம்.

சேகோ ஆலை, தீவன ஆலை போன்ற நிலைபெற்ற தொழில்களுக்குச் சொந்த முதலும் வங்கிக் கடனும் போதும். குடும்பத்தில் பாகப்பிரிவினையோ பெரும் விரிவாக்கமோ வந்தால் மட்டும் தனியார் பங்கு முதலீட்டை எண்ணிப் பார்க்கலாம்.

புதிய எந்திரம், புதிய பதனத் தொழில்நுட்பம், நோய் கண்டறியும் கருவி போன்ற முன் அனுபவம் இல்லாத முயற்சிக்குத் துணிகர மூலதனம் ஏற்றது. அதற்காகக் காட்டை அடமானம் வைக்க வேண்டாம். படித்த பிள்ளைகள் தொடங்கும் நிறுவனத்துக்குக் குடும்பம் கொடுக்கும் பணத்தையும், போனால் குடும்பம் தாங்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திட்டங்களின் நடப்பு விதிகளை அறியச் சேலம் மாவட்டத்தினர் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், நாமக்கல் மாவட்டத்தினர் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், இரு மாவட்டத்தினரும் வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அலுவலர்களையும் அணுகலாம்.

யாரிடம் பணம் பெறுமுன்பும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பணம் எப்போது திரும்பிப் போக வேண்டும்? தொழில் நொடித்தால் முதலில் யார் எடுப்பார்? நல்லபடி நடந்தால் முடிவு சொல்லும் உரிமை யாரிடம் இருக்கும்? மூன்றுக்கும் விடையை எழுத்தில் பெற்று, வீட்டாரோடு கலந்து, ஒரு வாரம் ஆற அமர யோசித்தபின் கையெழுத்திடுங்கள்.